துவர்ப்பை அவிழ்க்கும் நொதி

கடுக்காயை மென்றவுடன் நாவும் கன்னத்தின் உட்புறமும் இறுகி வறண்டுவிடுவதற்கும், ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் பல நாள் கிடந்த ஆட்டுத்தோல் அழுகாமல் பல்லாண்டு நிலைப்பதற்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே. தாவரங்கள் தம் பட்டையிலும் காயிலும் இலையிலும் சேர்த்துவைக்கும் டானின்கள் என்னும் வேதிப்பொருள்கள் புரதங்களை இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. உமிழ்நீரிலுள்ள புரதம் அவ்வாறு பற்றப்பட்டு வழுவழுப்பை இழக்கும்போது அதை நாம் துவர்ப்பாக உணர்கிறோம். தோலிலுள்ள கொல்லாஜன் என்னும் நார்ப்புரதம் பற்றப்படும்போது, அதை அரித்துத் தின்னும் நுண்ணுயிர்களின் நொதிகளால் அந்த நாரைத் துண்டிக்க முடியாமற்போகிறது. நொதி என்பது உயிர்களில் நடக்கும் வேதிவினையைப் பன்மடங்கு விரைவுபடுத்தும் ஒரு புரதம் ஆதலால், டானின் நுண்ணுயிரின் உணவைப் பூட்டுவதோடு நில்லாமல் அதன் கருவியையும் முடக்கிவிடுகிறது. இத்தகைய பொருளின் மீதே வளர்ந்து, அதையே சர்க்கரையாகவும் எளிய அமிலமாகவும் பிரித்து உண்ணும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் இருக்கின்றன என்பதும், அவை அதற்காகச் சுரக்கும் டானேஸ் என்னும் நொதி மருந்து, தேயிலை, உணவுத் தொழில்களுக்குப் பயன்படுகிறது என்பதும் தமிழ்நாட்டில் இன்னும் பரவலாக அறியப்பட வேண்டிய செய்திகள்.

தமிழ்நாட்டில் என்று குறிப்பிடுவதற்குத் தக்க காரணம் உண்டு. இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் திறக்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகவே மேற்கு நோக்கிச் சென்றது. அதன் தொடர்ச்சியில்தான் தோல் பதனிடும் ஊர்களான ஆம்பூரும் வாணியம்பாடியும் அமைந்துள்ளன. பூந்தமல்லி வழியே செல்லும் நெடுஞ்சாலையோ மற்றொரு தோல் தொழில் ஊரான ராணிப்பேட்டையைச் சென்னையோடு இணைக்கிறது. இந்த இரண்டு தடங்களுக்கும் சென்னை முனையில் பெரியமேட்டுத் தோல் சந்தை இருக்கிறது. அம்பத்தூருக்குக் கிழக்கே மாதவரத்தில் தோல் பதனிடும் ஆலைகளின் கூட்டமொன்று இருக்கிறது. ஆகவே சென்னையின் மேற்குப் புறநகர், பொறியியல் உதிரிபாகங்களுக்குப் பெயர்பெற்ற அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் உருவாவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பிருந்தே, தமிழகத்தின் தோல் வணிகம் கடந்துசெல்லும் வழியில் இருந்துவந்திருக்கிறது. அந்த வணிகம் நெடுங்காலம் நம்பியிருந்தது ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும்தான். இவ்விரண்டும் டானின் என்ற ஒரே பெயரால் சுட்டப்பட்டாலும் வேதி அமைப்பில் முற்றிலும் வேறானவை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளாவிட்டால், நொதியின் ஆற்றலையும் எல்லையையும் புரிந்துகொள்ள இயலாது.

ஆவாரம்பட்டையிலும், நீலகிரியில் சீகை என வழங்கும் வாட்டில் மரத்தின் பட்டையிலும் உள்ளவை குறுக்க டானின்கள். இவற்றில் கேட்டசின் வகையைச் சேர்ந்த வளைய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கார்பன்-கார்பன் பிணைப்பால் மணிமாலைபோல் கோக்கப்பட்டிருக்கின்றன. இந்தப் பிணைப்பு நீரால் எளிதில் அறுபடுவதில்லை. கடுக்காய், மாசிக்காய், திவிதிவிக் காய் ஆகியவற்றில் மிகுந்திருப்பவை நீராற்பகுக்கத்தக்க டானின்கள், அதாவது ஒரு நீர் மூலக்கூறைப் பிணைப்பினிடையே செலுத்திப் பிளக்கக்கூடியவை. இவற்றின் நடுவில் குளுக்கோஸ் போன்ற ஒரு சர்க்கரை இருக்க, அதைச் சுற்றிலும் காலிக் அமிலம் என்னும் சிறிய அமிலமோ அதன் உறவுப்பொருள்களோ எஸ்டர் பிணைப்பால் இணைந்திருக்கும். எஸ்டர் என்பது ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹால் தொகுதியும் நீரை இழந்து சேரும்போது உண்டாகும் பிணைப்பு. பாடநூல்களில் டானிக் அமிலம் என்ற பெயரில் காணப்படும் மூலக்கூறு ஒரு குளுக்கோசையும் பத்து காலிக் அமில அலகுகளையும் கொண்டதாக வரையப்படுகிறது. அதைப் பத்து நீர் மூலக்கூறுகளின் உதவியால் முழுவதும் பகுத்தால், அந்தப் பத்து நீர் மூலக்கூறுகளின் எடையும் விடுபடும் குளுக்கோசின் எடையும் ஏறத்தாழச் சமமாக அமைந்துவிடுவதால், 100 கிராம் டானிக் அமிலத்திலிருந்து அதே 100 கிராம் காலிக் அமிலமும், அதற்கு மேல் ஏறத்தாழ 10 கிராம் குளுக்கோசும் கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. மூலப்பொருளின் எடை முழுவதும் விளைபொருளின் எடையாகவே திரும்பக் கிடைக்கும் இத்தகைய வினைகள் வேதித்தொழிலில் அரியவை.

டானேஸ் வெட்டுவது அந்த எஸ்டர் பிணைப்பை மட்டுமே. சர்க்கரைக்கும் காலிக் அமிலத்துக்கும் இடையிலுள்ளதையும், ஒரு காலிக் அமிலத்துக்கும் அதன்மேல் அடுக்கப்பட்ட மற்றொன்றுக்கும் இடையிலுள்ளதையும் அது வெட்டும். ஆவாரம்பட்டையின் கார்பன்-கார்பன் கோவையை அதனால் தொட முடியாது.

டானின் இவ்வாறு பிளவுபடுவது, நொதி என்ற கருத்து தோன்றுவதற்கு முன்பே கவனிக்கப்பட்டது. சுவீடனைச் சேர்ந்த வேதியியலாளர் ஷீலே 1786இல் காலிக் அமிலத்தை முதன்முதலாகப் பிரித்தெடுத்தபோது, மாசிக்காயை ஒத்த ஓக் மரக் காய்ப்புகளின் வடிநீரைப் பூசணம் பிடிக்க விட்டே அதைப் பெற்றார். அக்காய்ப்புகள் உண்மையில் காய்களல்ல, சிறு பூச்சிகள் முட்டையிட்ட இடத்தில் மரம் வளர்த்துக்கொள்ளும் முண்டுகள். குழந்தைகளுக்குத் தமிழ்த் தாய்மார் உரைத்துக் கொடுக்கும் உரைமருந்தில் இடம்பெறும் மாசிக்காயும் இவ்வகையதே. ஷீலேயின் வடிநீரில் வேலை செய்தது பூசணமே என்பது ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்து, 1867இல், பிரெஞ்சுத் தாவரவியலாளர் வான் தீகெம் டானின் கரைசலில் வளர்ந்த பெனிசிலியம், ஆஸ்பெர்ஜில்லஸ் இனப் பூஞ்சைகளை அடையாளம் கண்டு, அவை இருந்தால் காலிக் அமிலம் உண்டாகும், இல்லாவிட்டால் உண்டாகாது என்று காட்டியபோதுதான் உறுதிப்பட்டது. ஊறிய கடுக்காயில் நுண்ணுயிர்கள் செயல்படுவதைத் தமிழகக் கொத்தனார்களும் தம் வழியில் பயன்படுத்தி வந்தனர். கடுக்காயையும் கருப்பட்டியையும் நீரில் பல நாள் ஊறவைத்து நொதிக்கவிட்டு அந்நீரைச் சுண்ணாம்புக் காரையில் சேர்த்தனர்.

தோல் பதனிடுவோருக்கோ இதே நொதித்தல் இழப்பாக இருந்தது. பழைய முறையில் ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலுக்கு இறுதியில் கடுக்காய்ச் சாற்றில் ஊறல் கொடுத்து நிறத்தை வெளுப்பாக்குவார்கள். அவ்வாறு உருவான தோலே ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் கடல் கடந்து சென்று, இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆனால் கடுக்காய்ச் சாறு தொட்டியில் நாள்பட நிற்கும்போது அதன் வலிமை குறைந்துகொண்டே போவதும், வெளிர்மஞ்சள் நிறப் படிவு ஒன்று தோலின் மீதும் தொட்டியின் அடியிலும் சேர்வதும் தொழிலாளர்களின் அன்றாட அனுபவம். அப்படிவு எல்லாஜிக் அமிலம் என்னும் நீரில் கரையாத பொருள். கடுக்காயின் டானின் உடையும்போது அது வெளிப்படுகிறது. உடைந்த டானினுக்குத் தோலைப் பதனிடும் வலிமை இருப்பதில்லை.

இந்த இழப்பை அறிவியல் முறையில் ஆராயும் பணி சென்னையிலும் நடந்தது. அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில், மாதவகிருஷ்ணா, போஸ், நாயுடம்மா ஆகிய மூவரும் இந்தியத் தோல்பதனத் தாவரப்பொருள்களில் உள்ள டானேஸையும் சில ஆக்சிஜனேற்ற நொதிகளையும் மதிப்பிட்டு, 1960இல் அந்நிறுவனத்தின் இதழில் வெளியிட்டனர். கடுக்காயும் கொன்றைப்பட்டையும் போன்ற டானின் மிக்க பொருள்கள் தமக்குள்ளேயே இந்நொதியைக் கொண்டிருக்கின்றன என்று சொல்ல வரும் உலக ஆய்வுரைகள் இன்றளவும் இந்தக் கட்டுரையையே சான்றாகக் காட்டுகின்றன. அதாவது சாறு கெடுவதற்கு வெளியிலிருந்து விழும் பூஞ்சை மட்டுமே காரணம் அல்ல. காயே தன் பூட்டுக்குரிய திறவுகோலை உள்ளே வைத்திருக்கிறது. பின்னர் 1983இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த ராஜகுமார், நந்தி ஆகியோர் பெனிசிலியம் கிரைசோஜீனம் என்ற பூஞ்சையிலிருந்து டானேஸைப் பிரித்துத் தூய்மைப்படுத்தி, அது 30 முதல் 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும், பிஎச் எனப்படும் அமில-கார அளவுகோலில் 5 முதல் 6 வரையான மென்மையான அமில நிலையிலும் மிகச் சிறப்பாகச் செயல்படுகிறது என்று அறிவித்தனர். சென்னையின் சாதாரண அறை வெப்பத்தில் இத்தகைய நொதி ஏன் சுறுசுறுப்பாக இருக்கும் என்பதை இந்த எண்கள் ஓரளவு விளக்குகின்றன. தோலைக் காக்கும் நோக்கத்தோடு தொடங்கிய ஆராய்ச்சி, காக்கவேண்டிய பொருளை அழிக்கும் நொதியின் இயல்புகளைத் துல்லியமாக எழுதிவைத்தது. டானினை முழுதாக வைத்திருக்க விரும்பாத தொழில்களுக்கு அந்தக் குறிப்புகள் பயன்படத்தக்கவை.

புரதத்தை முடக்கும் பொருளின் நடுவே ஒரு புரதம் எவ்வாறு வேலை செய்கிறது என்ற கேள்வி இயல்பாகவே எழும். பூஞ்சைகளின் டானேஸ் கிளைகோபுரதம், அதாவது சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிய புரதம். அந்தச் சங்கிலிகளே டானினின் பிடியிலிருந்து நொதியைக் காக்கின்றன என்று கருதப்படுகிறது. மேலும் இந்நொதி பெரும்பாலும் தூண்டலால் பிறப்பது: சுற்றுப்புறத்தில் டானின் இருந்தால்தான் பூஞ்சை அதற்குரிய மரபணுவை முழு அளவில் இயக்குகிறது. ஜப்பானில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்னும் பூஞ்சையின் டானேஸ் மரபணு 1996இல் பிரித்தெடுக்கப்பட்டபோது, அந்நொதி இருவகைப்பட்ட எட்டுத் துணையலகுகள் கூடிய பெரிய மூலக்கூறு என்று தெரியவந்தது. நொதியின் செயலை அளப்பதற்கான எளிய வழி ஒன்றை இமாசலப் பிரதேசத்தின் பாலம்பூரில் பணியாற்றிய இந்தியக் கால்நடை அறிஞர்கள் 2000இல் தந்தனர். விடுபட்ட காலிக் அமிலம் ரோடனின் என்ற வினைப்பொருளோடு சேர்ந்து செந்நிறம் கொள்கிறது, அந்நிறத்தின் அடர்த்தியை அளந்தால் நொதியின் அளவு தெரிந்துவிடுகிறது. விலையுயர்ந்த கருவிகள் இல்லாத கல்லூரி ஆய்வகங்களும் இத்துறைக்குள் வர இந்த முறை வழி செய்தது.

உற்பத்தியைப் பொறுத்தவரை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் லேகா, லோன்சேன் ஆகியோர் 1990களில் செய்த ஒப்பீடு குறிப்பிடத்தக்கது. பூஞ்சையைத் திரவத்தில் மூழ்கவைத்து வளர்க்கும் மூழ்குநிலை நொதித்தலைவிட, ஈரப்பதமுள்ள தவிடு போன்ற திடப்பொருளின் மேல் வளர்க்கும் திடநிலை நொதித்தலில் ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் கூடுதல் நொதியைத் தருவதோடு, அதை உயிரணுவுக்குள் தேக்கிவைக்காமல் வெளியே சுரந்துவிடுகிறது என்று அவர்கள் கண்டனர். திருவனந்தபுரத்தில் அப்போது வட்டார ஆராய்ச்சிக் கூடம் என வழங்கிய நிறுவனத்தில், பனைக்கொட்டைப் பிண்ணாக்கும் புளியங்கொட்டைத் தூளும் இவ்வாறான திடப்பொருளாகப் பயன்படும் என்று 2005இல் காட்டப்பட்டது. வீடுதோறும் புளி கரைக்கப்படும் தமிழகத்தில் புளியங்கொட்டைக்குக் குறைவில்லை. 

பயன்களில் முதலிடம் பெறத்தக்கது காலிக் அமில உற்பத்தியே. அதைக் கந்தக அமிலத்தோடோ காரத்தோடோ டானினைக் கொதிக்கவைத்தும் பெறலாம் என்றாலும், அம்முறை கலன்களை அரிப்பதோடு, நடுநிலையாக்கிக் கழிக்க வேண்டிய பெருமளவு உப்புநீரையும் விட்டுச்செல்கிறது. நொதியோ இளஞ்சூட்டில் அதே வினையை முடிக்கிறது, காலிக் அமிலம் குளிர்ந்த நீரில் குறைவாகவே கரைவதால் கரைசலைக் குளிரவிட்டே அதைப் படிகமாக எடுத்துவிட முடிகிறது. இந்த அமிலத்தின் முதன்மையான மருந்துப் பயன் டிரைமெத்தோபிரிம் என்னும் பாக்டீரியா எதிர்மருந்து. சல்பாமெத்தாக்சசோலுடன் சேர்த்துக் கோ-டிரைமாக்சசோல் என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் பல பத்தாண்டுகளாக வழங்கப்பட்டுவரும் மாத்திரையிலுள்ள இரு மருந்துகளில் ஒன்று இது. டிரைமெத்தோபிரிம் மூலக்கூறின் ஒரு வளையத்தில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று மெத்தாக்சித் தொகுதிகள், காலிக் அமிலத்தின் வளையத்தில் அதே வரிசையில் நிற்கும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகளிலிருந்து செய்யப்படுபவை. ஒரு மரம் தன் காயைப் பூச்சியிடமிருந்து காக்கக் கட்டிய அமைப்பு, மனிதச் சிறுநீர்ப்பாதையின் தொற்றைத் தீர்க்கும் மருந்துக்கு அச்சாக அமைந்திருப்பது நின்று எண்ணிப்பார்க்கத் தக்கது. எண்ணெயும் கொழுப்பும் காறிப்போகாமல் காக்கச் சேர்க்கப்படும் புரொப்பைல் காலேட் என்ற பொருளும் இதே அமிலத்திலிருந்து வருகிறது. நீர் மிகக் குறைந்த கரைப்பானில் வைத்தால் டானேஸ் தன் வினையைத் திருப்பிச் செய்து, பிளப்பதற்குப் பதிலாக அமிலத்தையும் ஆல்கஹாலையும் இணைத்து இந்த எஸ்டரைத் தானே உருவாக்குகிறது.

தேயிலையில் டானேஸின் பணி வேறுவிதமானது. வடித்த தேநீர் ஆறும்போது கலங்குவதைக் காணலாம். தேயிலையிலுள்ள பாலிபீனால்கள், குறிப்பாகக் காலிக் அமிலம் ஒட்டியிருக்கும் கேட்டசின் காலேட்டுகளும் தியாபிளவின் காலேட்டுகளும், காஃபீனோடு சேர்ந்து குளிர்நீரில் கரையாத திரளாக மாறுவதே அதற்குக் காரணம். சூடாகப் பால் ஊற்றிக் குடிக்கும் நாட்டில் இது ஒரு குறையாகவே தெரிவதில்லை; பாலிலுள்ள கேசின் புரதம் துவர்ப்பையும் பாதி அடக்கிவிடுகிறது. ஆனால் மூணாறில் உள்ளதுபோன்ற உடனடித் தேயிலைத்தூள் ஆலைகளுக்கும், புட்டியிலடைத்த குளிர்தேநீர் செய்வோருக்கும் இக்கலங்கல் விற்பனையையே பாதிப்பது. டானேஸ் அந்தக் காலேட்டுகளிலிருந்து காலிக் அமிலத்தைத் துண்டித்துவிட்டால் திரள் உருவாவது பெரிதும் குறைந்து, தூள் குளிர்நீரிலும் தெளிவாகக் கரைகிறது. திரளை வடிகட்டி எறியும்போது அதனோடு போய்விடும் நிறமும் சுவையும் பானத்திலேயே தங்குகின்றன. பழச்சாற்றின் கசப்பையும் துவர்ப்பையும் குறைப்பதிலும் இவ்வாறே பயன் உண்டு. மாதுளைச் சாற்றில் இதைக் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் செய்து காட்டியுள்ளனர். கருவேலங்காயைத் தின்று செரிக்கும் ஆடுகளின் இரைப்பையிலும், யூகலிப்டஸ் இலையையே உணவாகக் கொண்ட கோலாவின் குடலிலும் டானின் உடைக்கும் பாக்டீரியாக்கள் கண்டறியப்பட்டிருப்பதால், துவர்ப்பு மிக்க தழைகளைக் கால்நடைத் தீவனமாக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன.

இந்நொதியைப் பற்றிய எழுத்துகளில் அடிக்கடி இடம்பெறும் மற்றொரு பயன், தோல் ஆலைக் கழிவுநீரைத் தூய்மைப்படுத்துதல். பாலாற்றங்கரையில் தோல் ஆலைகள் விளைவித்த கேட்டைக் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை அறிந்த தமிழ் வாசகருக்கு இது நம்பிக்கையூட்டும் செய்தியாகத் தோன்றுவது இயல்பே. குரோமியத்தால் பதனிடும் முறை 20ஆம் நூற்றாண்டில் மேலோங்கிய பிறகும், மறுபதனத்துக்குத் தாவர டானின்கள் தொடர்ந்து பயன்படுத்தப்படுவதால், கழிவுநீரில் அவை பழுப்பு நிறமாகவும், சுத்திகரிப்புத் தொட்டியின் நுண்ணுயிர்களுக்கே ஊறு செய்யும் பொருளாகவும் சேர்கின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோல் ஆலைக் கழிவுநீரிலிருந்தே பிரித்தெடுத்த சிட்ரோபாக்டர் பிராயிண்டி என்ற பாக்டீரியா டானிக் அமிலத்தைச் சிதைப்பதை 1999இல் வெளியிட்டனர். எனினும் ஆய்வகக் குடுவையில் இருப்பது டானிக் அமிலம். ஆலையிலிருந்து வெளிவரும் நீரில் மிகுந்திருப்பதோ வாட்டில் பட்டையின் குறுக்க டானின். டானேஸால் தொட முடியாத அந்தப் பொருளை டானேஸ் தூய்மைப்படுத்தும் என்று எழுதுவது மக்களுக்கு வீண் நம்பிக்கை தருவதாகும். அதற்கு வேறு நொதிகளையும், ஒன்றையொன்று தாங்கி வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்தையும், அவற்றுக்கு வேண்டிய நீண்ட காலத்தையும் நாட வேண்டும்.

தமிழகத்தில் டானேஸுக்கு உரிய இடம் கழிவுநீர்த் தொட்டியைவிடக் கடுக்காய்க் கிடங்கில்தான் இருக்கிறது. ஜவ்வாது மலை முதலிய இடங்களில் மலைவாழ் மக்கள் பொறுக்கி விற்கும் கடுக்காயின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டானின். அது பெரும்பாலும் காயாகவோ பொடியாகவோதான் கைமாறுகிறது. அதன் டானின், பாடநூல் காட்டும் டானிக் அமிலம்போல் எளிய அமைப்பல்ல. கெபுலாஜிக் அமிலம், கெபுலினிக் அமிலம் போன்ற கலவை அமைப்புகளைக் கொண்டிருப்பதால், பிளந்தபின் காலிக் அமிலத்தோடு எல்லாஜிக் அமிலமும் பிற பொருள்களும் சேர்ந்தே வருகின்றன, அவற்றைப் பிரிப்பதில்தான் செலவு கூடுகிறது. பூஞ்சையையே நேரடியாகக் கடுக்காய்த் தூளில் வளர்த்தால், அது தான் உண்டாக்கிய காலிக் அமிலத்தையும் தொடர்ந்து உண்டு விளைச்சலைக் குறைத்துவிடும். நொதியைத் தனியே பிரித்துப் பயன்படுத்தினால், காலிக் அமிலம் பெருகப் பெருக நொதியின் வேகம் தானே தணியும். இவ்விரு இடர்களுக்கும் விடையாக, ஆல்ஜினேட் மணிகள் போன்ற ஊடகத்தில் நொதியைச் சிறைப்படுத்தி ஒரு குழலில் நிரப்பி, சாற்றை அதன் வழியே ஓடவிட்டு, விளைந்த அமிலத்தை உடனுக்குடன் வெளியேற்றும் முறை ஆராயப்பட்டுவருகிறது. அந்தக் குழலுக்குத் தேவையான துருப்பிடிக்காத எஃகு வேலையும் வெப்பக் கட்டுப்பாடும் அம்பத்தூர்ப் பட்டறைகளுக்குப் புதியவை அல்ல. அதே நொதியை எத்தனை முறை பயன்படுத்த முடியும் என்பதே கொதிக்கும் அமிலத்தின் மலிவோடு அது போட்டியிடக்கூடுமா என்பதைத் தீர்மானிக்கும்.